பாஸும் வாடகை ஒப்பந்தமும்: சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு எடுத்தல்

சிங்கப்பூரில் வாடகை வீடு தேடும் வெளிநாட்டவரிடம் வீட்டுக்காரரோ முகவரோ கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் சம்பளத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. என்ன பாஸ் வைத்திருக்கிறார், அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையே அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். அந்நாட்டில் வெளிநாட்டவருக்கு வீடு கொடுப்பது இருவருக்கிடையிலான கொடுக்கல் வாங்கல் மட்டுமன்று. குடிநுழைவுச் சட்டம், அரசு வீடமைப்பு விதிகள், நகரத் திட்டமிடல் விதிகள், முத்திரை வரிச் சட்டம் ஆகிய நான்கும் அந்த ஒரே பரிமாற்றத்தில் வந்து கூடுகின்றன. இவற்றுள் வீடு தேடுபவர் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தத்தின் ஆயுளைக் குடியிருப்பவரும் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்கிறார்கள். பாஸின் ஆயுளோ வேலை கொடுத்தவரின் கையிலும் அரசின் கையிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் முடிவது அரிது. அவற்றுக்கிடையே விழும் இடைவெளியில்தான் முன்பணம் முடங்குகிறது, மாதக்கணக்கில் வாடகை வீணாகிறது, சில வேளைகளில் குடும்பமே தங்க இடமின்றித் தவிக்க நேர்கிறது. ஆகவே பாஸையும் ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும் பழக்கமே இந்த அத்தியாயம் கற்றுத்தர முனைவது.

விசாவும் பாஸும்

தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் ‘விசா’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிப்பதுண்டு. சிங்கப்பூரில் அவ்வாறு பேசினால் குழப்பமே மிஞ்சும். அங்கே விசா என்பது எல்லை வரை பயணம் செய்து வர அளிக்கப்படும் இசைவு மட்டுமே. நாட்டுக்குள் எத்தனை நாள், என்ன நோக்கத்துக்காகத் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பாஸ். சுற்றுலாவுக்கோ உறவினரைப் பார்க்கவோ வருபவருக்கு எல்லையில் கிடைப்பது குறுகிய கால வருகை பாஸ். வேலைக்கு வருபவர் பெரும்பாலும் மனிதவள அமைச்சு வழங்கும் மூன்று முக்கிய வகைகளில் ஒன்றைப் பெறுகிறார்: உயர்நிலைத் தொழில்முறைப் பணியாளருக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ், இடைநிலைத் திறனாளர்களுக்கான எஸ் பாஸ், கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளின் தொழிலாளர்களுக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் உரிய ஒர்க் பெர்மிட். குடும்பத்தினருக்கு டிபென்டன்ட் பாஸ் அல்லது நீண்டகால வருகை பாஸும், படிக்க வருவோருக்கு மாணவர் பாஸும் உண்டு.

இந்த வகைப்பாடு வீட்டின் அளவையே தீர்மானித்துவிடுகிறது. 2025 ஜனவரி முதல் புதிதாக எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பவரின் மாதச் சம்பளம் குறைந்தது 5,600 வெள்ளியாகவும், நிதித்துறையில் 6,200 வெள்ளியாகவும் இருக்க வேண்டும். வயது கூடக்கூட இந்த வரம்பும் உயரும். (சிங்கப்பூர் டாலரை அந்நாட்டுத் தமிழர் வெள்ளி என்றே சொல்கிறார்கள், இந்த அத்தியாயமும் அச்சொல்லையே கையாள்கிறது.) ஆனால் மனைவி மக்களை டிபென்டன்ட் பாஸில் அழைத்துவர நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும். ஆகவே வேலை கிடைத்துவிட்டது என்பதனாலேயே குடும்பத்தோடு குடியேறும் உரிமை வந்துவிடுவதில்லை. மூன்று படுக்கையறை வீட்டுக்கு ஒப்பந்தம் போட்ட பிறகு குடும்பத்துக்குப் பாஸ் இல்லை என்று தெரியவருவது பெரும் இழப்பாகும். குடும்பத்தின் பாஸ் உறுதியாகும் வரை பெரிய வீட்டுக்குக் கையெழுத்திடாமல் இருப்பதே நலம்.

வேலை உறுதியானதும் முதலில் வருவது ஒப்புதல் கடிதம். இது கொள்கை அளவிலான இசைவே தவிர பாஸ் அன்று. அதைக் காட்டி நாட்டுக்குள் நுழையலாம். ஆனால் பாஸ் முறைப்படி வழங்கப்படும் வரை வீடு எடுப்பதில் தடைகள் இருக்கும். இந்த இடைப்பட்ட நாட்களுக்குத் தனியார் வீடொன்றை ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சட்டப்படி இயலாது. ஏன் இயலாது என்பதை அறிய இருவகை வீடுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீவக வீடும் தனியார் வீடும்

சிங்கப்பூரில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் குடியிருப்பது 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில். தமிழ் நாளேடுகள் அக்கழகத்தைச் சுருக்கமாக ‘வீவக’ என்று எழுதுகின்றன. இந்த வீடுகளைக் குடிமக்கள் 99 ஆண்டுக் குத்தகையில் வாங்கி, விதிகளுக்கு உட்பட்டு வாடகைக்கு விடுகிறார்கள். ஆகவே வீட்டுக்காரர் தனிமனிதர்தான் என்றாலும் கழகத்தின் அனுமதியின்றி அவர் ஒருவரையும் குடிவைக்க முடியாது. கூட்டுரிமை வீடுகள் எனப்படும் கொண்டோமினியங்களும் தரை வீடுகளும் தனியார் வீடுகள். இவற்றில் வாடகை பொதுவாகக் கூடுதல், கட்டுப்பாடு குறைவு.

அறைகளை எண்ணும் முறையிலேயே தமிழ்நாட்டவருக்கு ஒரு தடுமாற்றம் நேர்கிறது. வீவக கணக்கில் கூடமும் ஓர் அறை. எனவே ‘நாலறை வீடு’ என்று விளம்பரத்தில் காண்பது மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும் கொண்ட வீடு. ‘மூவறை வீடு’ என்பது இரண்டே படுக்கையறை உடையது. நான்கு படுக்கையறை கிடைக்கும் என்று எண்ணிக் கூட்டாக வீடு எடுக்கும் இளைஞர்கள் பார்க்கப் போகும்போது ஏமாற்றமடைவது இதனால்தான்.

வீவக வீட்டில் குடியிருக்க விரும்பும் வெளிநாட்டவரிடம் மேலே சொன்ன நீண்டகாலப் பாஸ்களில் ஒன்று இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் அந்தப் பாஸ் இன்னும் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். குறுகிய கால வருகை பாஸில் இருப்பவருக்கு வீவக வீட்டையோ அதில் ஓர் அறையையோ வாடகைக்கு விடக் கூடாது. ஒவ்வொரு வாடகைக் காலமும் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் குடியிருப்பவர்களில் ஒருவராக இருந்தால் அக்காலம் ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டுகளைத் தாண்டவும் கூடாது. சிங்கப்பூரரும் மலேசியரும் மட்டுமே குடியிருந்தால் மூன்று ஆண்டு வரை தரப்படுகிறது. இந்த ஆறு மாத விதி பார்வைக்குச் சிறியது, விளைவில் பெரியது: ஐந்து மாதமே மிச்சமிருக்கும் பாஸை வைத்துக்கொண்டு வீடு மாற நினைப்பவர் முதலில் பாஸைப் புதுப்பித்துக்கொண்டு, அதன் பின்னரே வீட்டைத் தேட வேண்டும். ஆகவே பழைய ஒப்பந்தம் முடியும் மாதமும் பாஸ் முடியும் மாதமும் நெருங்கி வருமாறு கணக்கிடுவது தவறான திட்டமிடல்.

முழு வீட்டை எடுப்பவர் இன்னொரு வரம்பையும் சந்திக்கிறார். 2014 முதல் நடைமுறையில் உள்ள குடிமக்கள் அல்லாதோர் ஒதுக்கீட்டின்படி, மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழுமையாக வாடகைக்கு விடப்படும் வீடுகள் ஓர் அக்கம்பக்கத்தில் 8 விழுக்காட்டையும் ஒரு புளோக்கில் 11 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. (வரிசை எண்ணிட்ட அடுக்குமாடிக் கட்டடத்தைப் புளோக் என்பர், பல புளோக்குகள் சேர்ந்தது அக்கம்பக்கம்.) வெளிநாட்டவர் ஓரிடத்தில் மட்டும் குவிந்து தனிக் குடியிருப்புகள் உருவாகிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். பண்பாட்டிலும் வரலாற்றிலும் நெருக்கமானவர்கள் என்ற காரணத்தால் மலேசியர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் தமிழரும் தஞ்சாவூரிலிருந்து வரும் தமிழரும் ஒரே மொழியைப் பேசி, ஒரே கோயிலுக்குச் சென்று, ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தாலும், வீவக வீட்டின் வாசலில் இருவேறு நிலையில் நிற்கிறார்கள். ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் முழு வீடு ஜொகூர்க்காரருக்குக் கிடைக்கும், தஞ்சாவூர்க்காரருக்குக் கிடைக்காது. அறை மட்டும் எடுப்பவருக்கு இவ்வொதுக்கீடு பொருந்தாது. எனவே முழு வீடு தேடும் இந்தியரும் இலங்கையரும் வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே, அந்தப் புளோக்கில் ஒதுக்கீடு மிச்சமிருக்கிறதா என்று முகவரைச் சரிபார்க்கச் சொல்வது பயனுள்ள வழக்கம். வீவகவின் இணையச் சேவையில் சில நிமிடங்களில் அறியக்கூடிய விவரம் இது.

வீட்டுக்காரருக்கும் தகுதி வேண்டும் என்பதைக் குடியேறுவோர் பெரும்பாலும் யோசிப்பதில்லை. முழு வீவக வீட்டை வாடகைக்கு விட உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை, பொதுவாக ஐந்து ஆண்டுகளை, அவர் அதே வீட்டில் வாழ்ந்து முடித்திருக்க வேண்டும். நிரந்தரவாசிகள், அதாவது குடியுரிமை பெறாமல் நிலையாகத் தங்கும் உரிமை மட்டும் பெற்றவர்கள், தம் வீவக வீட்டை முழுமையாக வாடகைக்கு விட முடியாது. தாமும் அங்கேயே வாழ்ந்துகொண்டு அறைகளை மட்டுமே விடலாம். சிங்கப்பூர்த் தமிழரிடையே ஊர்க்காரர், உறவுக்காரர் என்ற நம்பிக்கையில் நடக்கும் ஏற்பாடுகளில் அடிக்கடி மீறப்படுவது இந்த விதியே. உரிமையாளரான நிரந்தரவாசி ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு, தாம் அங்கே இருப்பதாகக் கணக்குக் காட்டி, மற்ற அறைகளை விட்டுவிட்டு வேறிடத்தில் வாழ்கிறார். சோதனை வரும்போது வீடு அவருக்குச் சிக்கலாகிறது, குடியிருந்தவரோ பெட்டி படுக்கையோடு வெளியே நிற்கிறார். வீட்டின் ஓர் அறை எப்போதும் பூட்டியே இருக்கிறதென்றால், ஊர்க்காரராக இருந்தாலும் காரணத்தைக் கேட்டுத் தெளிவது அவசியம்.

தனியார் வீடுகளுக்கு ஒதுக்கீடு இல்லை. ஆனால் குறைந்தபட்சக் காலம் உண்டு. நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017 ஜூன் 30 முதல் அக்காலத்தை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தது. ஒரே நபருக்குத் தொடர்ச்சியாக மூன்று மாதமாவது விடாமல், அதற்கும் குறைவான நாட்களுக்கு விடுவது குற்றம். 2018இல் நான்கு வீடுகளை இணையத்தளம் வழியே குறுகிய நாட்களுக்கு விட்ட இருவருக்குத் தலைக்கு 60,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. முன்னர் எழுந்த கேள்விக்கு விடை இதுவே: ஒப்புதல் கடிதத்தோடு வந்திறங்கி, பாஸ் கைக்கு வரும் வரை சில வாரம் தங்க வேண்டியவர் விடுதியையோ, குறைந்தது ஏழு நாள் தங்க இசைவுள்ள சேவை அடுக்குமாடி வீட்டையோதான் நாட வேண்டும். இந்தச் செலவை வேலை கொடுப்பவரே ஏற்பாரா என்று வேலை ஒப்பந்தம் பேசும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் இறங்கிய பின் கேட்பதைவிட அப்போது கேட்பது எளிது.

ஒரே வீட்டில் எத்தனை பேர் என்பதற்கும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. ஒருவருக்கொருவர் உறவல்லாதவர்கள் ஆறு பேருக்கு மேல் சேர்ந்து வாழக் கூடாது என்பது பொது விதி. வாடகை மிகவும் ஏறியதையொட்டி, 2024 ஜனவரி 22 முதல் தற்காலிக ஏற்பாடாக, நாலறை அல்லது அதைவிடப் பெரிய வீவக வீடுகளிலும் 90 சதுர மீட்டருக்குக் குறையாத தனியார் வீடுகளிலும் எட்டுப் பேர் வரை இசைவு தரப்பட்டது. தற்காலிகம் என்பதால், ஒப்பந்தம் போடும் நாளில் இசைவு எந்தத் தேதி வரை நீள்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒர்க் பெர்மிட் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லாமல் கடந்து போவது நியாயமாகாது. கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறைகளில் வேலை செய்யும் மலேசியர் அல்லாத ஒர்க் பெர்மிட்காரர் வீவக வீடுகளில் குடியிருக்க முடியாது. அவர்களுக்குத் தகுந்த தங்குமிடம் தருவது வேலை கொடுப்பவரின் சட்டக் கடமை. அவர்கள் தங்கியுள்ள முகவரி மாறினால் வேலை கொடுப்பவர் ஐந்து நாட்களுக்குள் மனிதவள அமைச்சின் பதிவில் அதைத் திருத்த வேண்டும். தங்கும் விடுதிகளுக்கான சட்டம் முதலில் ஆயிரம் படுக்கைக்குக் குறையாத விடுதிகளையே கட்டுப்படுத்தியது; 2020இல் பெருந்தொற்று அவ்விடுதிகளில் பரவிய விதத்தை நாடே கண்ட பிறகு, 2023 ஏப்ரல் 1 முதல் ஏழு படுக்கைக்குக் குறையாத இடங்கள் அனைத்துக்கும் அச்சட்டம் விரிவாக்கப்பட்டது. புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, தலைக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்பன 2021இல் அறிவிக்கப்பட்ட அளவுகள். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து கடன்பட்டுச் செல்லும் ஓர் இளைஞர், தாம் தங்கும் இடத்தைக் கேட்டு வாங்கும் உரிமை தமக்கு உண்டு என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

மூன்று சோதனைகள்

குடிநுழைவுச் சட்டம் வீட்டுக்காரர் மீது மூன்று கடமைகளைச் சுமத்துகிறது. குடிவருபவரின் மூலப் பாஸைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள பெயரும் பிற விவரங்களும் கடவுச்சீட்டோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிட வேண்டும். பாஸ் இன்னும் செல்லுமா என்பதை அதை வழங்கிய மனிதவள அமைச்சிடமோ குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடமோ சரிபார்க்க வேண்டும். அனுமதி காலாவதியானவருக்கு அடைக்கலம் தந்தது நிறுவப்பட்டால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் 6,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. கவனக்குறைவால் நேர்ந்தது என்றாலும் தண்டனை முழுமையாக நீங்குவதில்லை. இந்தக் கடுமையை அறிந்தவருக்கு, வீட்டுக்காரர் கடவுச்சீட்டைக் கேட்பது அவமதிப்பாகத் தோன்றாது. சொல்லப்போனால் இதைக் கேட்காத வீட்டுக்காரரிடமே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்; தம் மீதான சட்டக் கடமையையே பொருட்படுத்தாதவர் முன்பணத்தைத் திருப்பித் தருவதில் ஒழுங்காக நடந்துகொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

பாஸ் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் முகப்பில் முடிவுத் தேதி இராது. 2017 முதல் வழங்கப்படும் வேலைப் பாஸ் அட்டைகளில் தேதிக்குப் பதிலாகக் ‘கியூஆர்’ கட்டக்குறி ஒன்றே அச்சிடப்படுகிறது. அமைச்சின் கைப்பேசிச் செயலியால் அதை வருடினால்தான் பாஸ் உயிரோடு இருக்கிறதா, எதுவரை என்பது தெரியும். குடிநுழைவு ஆணையம் வழங்கும் மாணவர் பாஸும் நீண்டகால வருகை பாஸும் 2023 பிப்ரவரி இறுதியிலிருந்து மின்வடிவிலேயே தரப்படுகின்றன. ஆகவே அட்டையை நகலெடுத்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று இருபக்கத்தாரும் எண்ணக் கூடாது. வீட்டுக்காரரின் முன்னிலையில் வருடிக் காட்டுவதற்குச் சில நொடிகளே ஆகும். அந்த நேரத்தில் கடவுச்சீட்டையும் அருகில் வைத்திருந்தால் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.

வீவக வீடானால் இதற்குப் பிறகும் ஒரு படி இருக்கிறது: குடிவரும் ஒவ்வொருவரின் பெயரையும் தந்து உரிமையாளர் கழகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும், அதுவும் வாடகைக் காலம் தொடங்குவதற்கு முன்பே. குடியிருப்பவர் தம் பெயர் பதிவாகியுள்ளதா என்று ‘சிங்பாஸ்’ எனும் மின் அடையாளம் வழியே தாமே பார்த்துக்கொள்ளலாம். பெயர் பதிவாகாத குடியிருப்பவர் தம்மைப் பாதுகாப்பாக எண்ணிக்கொள்ளக் கூடாது. தேக்கா வட்டாரத்திலும் பிற இடங்களிலும் ஒருவர் முழு வீட்டை எடுத்து, அதில் படுக்கை படுக்கையாக மற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மாதச் செலவைக் குறைக்க எஸ் பாஸ் இளைஞர்கள் அதை நாடுவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் வீவக வீட்டை எடுத்தவர் அதை மேற்கொண்டு உள்வாடகைக்கு விடக் கூடாது. தனியார் வீட்டிலும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். கூட்டாகத் தங்குவதில் தவறில்லை; தங்கும் எல்லோருடைய பெயரும் ஒப்பந்தத்திலும் பதிவிலும் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

முகவர்கள் சொத்து முகவர் மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2010இல் அமைக்கப்பட்ட அம்மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் முகவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் ஒத்துப் பார்க்கலாம். மூன்றாவதாகச் சொன்ன கைப்பேசி எண்ணே மிக முக்கியம், ஏனென்றால் மோசடிக்காரர்கள் உண்மையான முகவர் ஒருவரின் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொண்டு தம் எண்ணைப் போடுகிறார்கள். வீவக வாடகையில் முகவர் வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ தம் கையால் வாங்கவே கூடாது. வீட்டைக் கண்ணால் பார்க்காமல், இந்தியாவில் இருந்தபடியே ‘இடத்தைப் பிடித்து வைக்க’ என்று பணம் அனுப்பச் சொல்லும் எவரையும் நம்பக் கூடாது.

வேறொரு வகைத் தடையும் உண்டு. அதைப் பற்றி வழிகாட்டி நூல்கள் வாய் திறப்பதில்லை. இந்தியருக்கு வீடு இல்லை என்று நேரடியாகவோ, சமைக்கக் கூடாது என்று மறைமுகமாகவோ சொல்லப்படும் நிலையைத் தமிழர் பலர் சந்தித்திருக்கிறார்கள். இனத்தைச் சுட்டி விலக்கும் விளம்பரங்களை முகவர்கள் வெளியிடக் கூடாது என்று மன்றம் வலியுறுத்துகிறது. ஆனாலும் யாருக்கு வீடு கொடுப்பது என்பது உரிமையாளரின் விருப்பமாகவே இருந்துவருகிறது. இதில் செய்யக்கூடியது சமையல் பற்றிய நிபந்தனையை முதலிலேயே வெளிப்படையாகப் பேசி எழுதிக்கொள்வது. ‘இலகுவான சமையல் மட்டும்’ என்ற சொற்றொடர் அறை வாடகை ஒப்பந்தங்களில் அடிக்கடி வரும். நூடுல்ஸ் வேகவைப்பது இலகு, கடுகு தாளிப்பது இலகுவன்று என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கலாம். நாள்தோறும் குழம்பும் பொரியலும் வைக்கும் குடும்பம் அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டு ஓராண்டு முழுவதும் அடுப்பைப் பார்த்து அஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ‘அன்றாட இந்தியச் சமையலுக்கு இசைவு உண்டு’ என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வது முற்றிலும் நியாயமான கோரிக்கை.

ஒப்பந்தத்தைப் பாஸோடு பிணைத்தல்

வீடு பிடித்ததும் முதலில் எழுதப்படுவது விருப்பக் கடிதம். வாடகை, காலம், கேட்கும் பொருள்கள், சிறப்பு நிபந்தனைகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வழக்கமாக ஒரு மாத வாடகையை நல்லெண்ணத் தொகையாகத் தந்து அக்கடிதம் கொடுக்கப்படுகிறது. பின்னர் வருவது வாடகை ஒப்பந்தம். பேரம் பேசுவதற்கு உரிய கட்டம் விருப்பக் கடிதமே. அதில் எழுதாத நிபந்தனையை ஒப்பந்தத்தில் புகுத்துவது கடினம். முன்பணம் பொதுவாக ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, இரண்டாண்டுக்கு இரண்டு மாத வாடகை. இது சட்டம் விதித்ததன்று, சந்தை வழக்கம்.

முத்திரை வரியைக் கட்ட வேண்டியவர் குடியிருப்பவர். நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாட்களுக்குள், வெளிநாட்டில் கையெழுத்திட்டால் நாட்டுக்குள் பெறப்பட்டதிலிருந்து 30 நாட்களுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் செலுத்த வேண்டும். மாதம் 3,200 வெள்ளிக்கு இரண்டாண்டு ஒப்பந்தமென்றால் மொத்த வாடகை 76,800. வரி 307 வெள்ளி. இத்தொகையை மிச்சப்படுத்த எண்ணி வரி கட்டாமல் விடுவது பெரும் பிழை, ஏனெனில் முத்திரையிடாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது. முன்பணத் தகராறு எழும் நாளில் கையிலிருக்கும் ஒரே ஆவணம் பயனற்றுப் போகும்.

வெளிநாட்டவரின் ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும்விடக் கூர்ந்து படிக்க வேண்டியது ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்று வழங்கப்படும் அரசதந்திரி விதி. பெயர் தூதரக அதிகாரிகளை நினைவூட்டினாலும், பணி மாற்றத்தாலோ வேலை இழப்பாலோ நாட்டைவிட்டுப் போக நேரும் எந்த வெளிநாட்டவருக்கும் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ள வழிசெய்வது இது. வழக்கமான வாசகப்படி முதல் 12 மாதம் கழிந்த பிறகே இதைப் பயன்படுத்தலாம், அதற்கும் இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அதாவது குறைந்தது 14 மாத வாடகை கட்டாயம். ஓராண்டு ஒப்பந்தங்களில் இவ்விதி பெரும்பாலும் இருப்பதே இல்லை. இரண்டாண்டு ஒப்பந்தம் போட்டவர் ஒருவருக்கு ஐந்தாம் மாதத்தில் வேலை போய்விடுகிறது என்று கொள்வோம். பாஸ் ரத்தானதும் அவருக்குக் கிடைப்பது பொதுவாக 30 நாள் வருகை பாஸ். அவரைச் சார்ந்து வந்த மனைவி மக்களின் பாஸ்களும் கூடவே ரத்தாகும். வீவக வீடானால், வருகை பாஸில் இருப்பவர் அங்கே குடியிருக்கும் தகுதியையே இழக்கிறார். அரசு போகச் சொல்கிறது, ஒப்பந்தமோ இன்னும் ஒன்பது மாதத்துக்கு அவரை விடுவதில்லை. இந்நிலையில் வீட்டுக்காரர் முன்பணம் முழுவதையும் எடுத்துக்கொள்வதோடு மீதி வாடகையையும் கோர முடியும்.

இதைத் தவிர்க்க, விருப்பக் கடிதத்திலேயே இரண்டு மாற்றங்களைக் கேட்க வேண்டும். பாஸ் ரத்தாவது அல்லது புதுப்பிக்கப்படாமல் போவது என்ற ஒரு காரணத்துக்கு மட்டுமாவது 12 மாதக் காத்திருப்பு பொருந்தாது என்று எழுதக் கேட்பது ஒன்று. முன்னறிவிப்பை இரண்டு மாதத்திலிருந்து ஒரு மாதமாகக் குறைக்கக் கேட்பது மற்றொன்று. எல்லா வீட்டுக்காரரும் இசைய மாட்டார்கள். வாடகைச் சந்தை தளர்ந்திருக்கும் காலத்தில் பலர் இசைவார்கள். பாஸில் 14 மாதமே மிச்சமிருப்பவர் இரண்டாண்டு ஒப்பந்தத்தைவிட ஓராண்டு ஒப்பந்தத்தையும், அதோடு புதுப்பிக்கும் உரிமையையும் கேட்பது அறிவுடைமை. அரசதந்திரி விதியோடு சேர்ந்தே வரும் முகவர் கட்டணத் திருப்பு நிபந்தனையையும் கவனிக்க வேண்டும்: வீட்டுக்காரர் தம் முகவருக்கு ஒரு மாத வாடகை தந்திருந்து, குடியிருப்பவர் 24 மாதத்தில் 14ஆம் மாத முடிவில் வெளியேறினால், மீதிப் பத்து மாதத்துக்கு ஈடாக, மேலே கண்ட 3,200 வெள்ளி வாடகையில் 24இல் 10 பங்கு, அதாவது சுமார் 1,333 வெள்ளியை அவர் திருப்பித் தர நேரும்.

குடிபுகும் நாளில் பொருள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையையும் படமெடுக்க வேண்டும். மெத்தையின் அடிப்பக்கம், குளிர்சாதனக் கருவிக்குக் கீழே நீர்க்கறை படிந்த சுவர், குளியலறைக் கதவின் அடி மரம், சலவை இயந்திரத்தின் ரப்பர் வளையம் ஆகியவை சாதாரணமாக யாரும் பார்க்காத, ஆனால் வெளியேறும் நாளில் வீட்டுக்காரர் தவறாமல் பார்க்கும் இடங்கள். படங்களை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் தேதிக்குத் தனிச் சான்று தேவைப்படாது. குளிர்சாதனத்தை மூன்று மாதத்துக்கொரு முறை துப்புரவு செய்வது பெரும்பாலும் குடியிருப்பவரின் பொறுப்பு. அந்த ரசீதுகள் ஒன்றுகூடத் தொலையக் கூடாது.

வெளியேறும் மாதம்

நாட்டைவிட்டுப் போகும் வெளிநாட்டவரின் கடைசி மாதத்தில் இரண்டு பணங்கள் ஒரே நேரத்தில் முடங்குகின்றன. வேலை முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே வேலை கொடுப்பவர் ‘ஐஆர்21’ என்ற வரிப் படிவத்தைத் தாக்கல் செய்து, வரிக் கணக்கு தீரும் வரை தர வேண்டிய சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சட்டம். அதே மாதத்தில் முன்பணமும் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. ஒப்பந்தங்கள் பலவும் வீட்டை ஒப்படைத்து இரண்டு வாரத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்கின்றன. அதற்குள் பயணச் சீட்டு, சரக்குக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கணக்கு என்று செலவுகள் நெருக்கும். சிலர் கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அது ஒப்பந்த மீறல். வீட்டுக்காரருக்கு அதுவே பிடிமானமாகிவிடும். இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை, சம்பளத்தையும் முன்பணத்தையும் நம்பாமல், தனியே ஒதுக்கி வைப்பதே ஏற்ற வழி.

வீட்டை ஒப்படைக்கும் நாள் பாஸ் முடியும் நாளாக இருக்கக் கூடாது. ஒரு வாரமாவது முந்தியிருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, என்னென்ன குறைகள், எவ்வளவு பிடித்தம் என்பதை அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும். வீவக வீடானால் ஒப்பந்தம் முடிந்ததை உரிமையாளர் ஏழு நாட்களுக்குள் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சுவரில் சாயம் மங்குவதும் தரையில் நாற்காலிக் கால் பதிவதும் இயல்பான தேய்மானம்; அதற்குப் பிடித்தம் செய்ய வீட்டுக்காரருக்கு உரிமையில்லை.

பிடித்தம் நியாயமற்றதென்றால் சிறு கோரல்கள் நடுவர் மன்றத்தை நாடலாம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தத்தில் எழும் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் குறைவு. தகராறு எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். ஆனால் திருச்சிக்கோ சென்னைக்கோ திரும்பிவிட்டவர் அங்கிருந்தபடி வழக்கை நடத்துவது எளிதன்று. ஆகவே தகராறு வரும் என்று தோன்றினால், கையிலிருக்கும் 30 நாள் வருகை பாஸின் முதல் வாரத்திலேயே வீட்டை ஒப்படைத்து, முத்திரையிட்ட ஒப்பந்தம், குடிபுகுந்த நாளின் படங்கள், குளிர்சாதன ரசீதுகள், கையெழுத்திட்ட ஒப்படைப்புத் தாள் ஆகியவற்றோடு கோரிக்கையைப் பதிந்துவிட வேண்டும்.